இரண்டாம் பூச்சு

ரிஸ்மி நானாவின் கடையில்
நிற அட்டை விசிறிபோல் விரிகிறது.
ஆயிரத்து முந்நூறு இருக்கு, என்கிறார்,
ஒன்றும் பிடிக்காவிட்டால் கலந்து தருவாராம்.
பெயரெல்லாம் பனி விழும் ஊர்க்காரர் வைத்தவை.
வீட்டுக்குக் கொண்டுவந்து
நாங்கள் வேறு பெயர் வைத்தோம்:
முதற்பால் விட்ட பருப்பு.
வறுத்த அரிசிமா.
பிளேன்ரீயில் தேசிக்காய் பிழிந்த கணம்.
நாவற்பழம் தின்ற நாக்கு.
கறுவாத்தோட்டத்துப் பெரிய வீட்டு மதில்.
அது எங்களுக்குக் கட்டாது, என்றான் ஞானேன்.

வெள்ளவத்தை. மூன்றாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம்,
தண்டவாளம் தாண்டினால் கடல்,
கடலிலிருந்து நாள் முழுக்க உப்பு.
பியதிலக பாஸ்
டொக்டர் நெஞ்சைத் தட்டுவதுபோல்
சுவரை விரலால் தட்டிப் பார்த்தார்.
உப்புத் தின்னும், மிஸ். எந்த நிறத்தையும் தின்னும்.
அவர் சிங்களத்தில் சொன்னார்,
நான் தமிழில் பயந்தேன்.

முன் ஹோலுக்குப் பச்சை, என்றேன்.
பாஸ் சிரித்தார்: அது தோற்ற கட்சி.
நீலம்?
அதுவும்தான்.
சிவப்பு?
இப்ப எல்லாரும் கேட்கிறார்கள்,
அடுத்த தேர்தலுக்குள் நான் திரும்ப வரவேண்டும்.
காவி என்று நாங்கள் வாயே திறக்கவில்லை.
ஒருவருடைய கொடியிலும் ஏறாத நிறம்
இந்தத் தீவில் மிச்சம் இருக்கிறதா என்று
அட்டையைப் பின்னாலிருந்து புரட்டினோம்.

இந்த நகரத்துக்கு வந்து பத்தொன்பது வருஷம்.
ஏழு அறை. ஏழும் வெள்ளை.
கொட்டாஞ்சேனை லொட்ஜில்
கட்டிலுக்கு மேலே, எனக்கு முந்தியவளின்
தலையெண்ணெய் வட்டம்.
பம்பலப்பிட்டி அனெக்ஸில்
ஆணி அடிக்கக் கூடாது என்பாள் மிஸஸ் ஜோன்க்லாஸ்.
கலண்டரைக் கதவுப்பிடியில் தொங்கவிட்டேன்,
ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும்
மாதம் கீழே விழும்.
தெஹிவளையில் பொலிஸ் பதிவுப் படிவம்.
எத்தனை நாள் தங்குவீர் என்ற கட்டத்துக்குள்
எப்போதும் முப்பது என்று எழுதுவேன்.
முப்பது முப்பதாகவே
ஆறு வருஷம் இருந்து தீர்த்தேன்.
விட்டுப் போகையில்
ஒரு சுவரிலும் என் கை பட்ட தடயம் இல்லை.
நல்ல பிள்ளை என்று
முற்பணத்தைச் சதம் குறையாமல் தந்தார்கள்.

ஞானேனுக்கு இங்கேயும் வெள்ளையே போதும்.
விற்கிற நேரம் வெள்ளைதான் லேசு.
ஆர் விற்கப் போறது? கேட்டேன்.
குக்கர் மூன்று விசில் அடித்தது.
எழுந்து போய் அடுப்பை நிறுத்தினான்,
திரும்பி வந்து அந்தக் கதையை எடுக்கவில்லை.

படுக்கையறைச் சுவரில்
எட்டுச் சதுரம் பூசிப் பார்த்தோம்.
காலையில் பணிவாக இருந்த பருப்பு
பகலில் கத்தியது.
நாலரை மணி வெயில் கடலில் பட்டுத் திரும்பி வர
அரிசிமா ரோஸாகிப்போனது.
பிளேன்ரீ ஒன்றுதான் நாள் முழுக்க பிளேன்ரீ.
சரி, அதுவே இருக்கட்டும் என்று
நான் களைத்து முடிவெடுத்த அன்று
வேலைவிட்டு வந்தவன் சப்பாத்தும் கழற்றாமல்
சுவருக்கு முன் நின்றான்.
நின்றுகொண்டே இருந்தான்.
பிறகு விரலை வைத்தான்
நாவற்பழ நாக்கில்.

இதையா?
இதைத்தான்.
விற்கிறதெண்டால் ஆர் வாங்குவான் இதை?
ஒருத்தனும் வாங்கான், என்றான்.

முதல் பூச்சில் சுவர்
யாரிடமோ அடிவாங்கியதுபோல் கன்றிக் கிடந்தது.
இன்றைக்குப் பார்க்க வேண்டாம், மிஸ்,
நாளைக்கு இரண்டாம் பூச்சு, என்று
தூரிகையைத் தண்ணீர் வாளிக்குள் நிறுத்திவிட்டு
பஸ்ஸுக்கு ஓடினார் பாஸ்.
வேண்டாம் என்றால் கண் அங்கேதான் போகும்.
தரையில் பழைய பேப்பர் விரித்து
பாணும் சம்பலும் தின்றபடி பார்த்தோம்.
மாத்தறை ரயில் போனது;
அதன் வெளிச்சம்
திட்டுத் திட்டான சுவரில் பெட்டி பெட்டியாய் ஏறி
சீலிங்கில் முடிந்தது.

ஞானேன் எழுந்து
சாமான் பெட்டிக்குள் எதையோ துழாவினான்.
ஓர் ஆணி. சுத்தியல்.
கலண்டர் எங்க வச்சனி?

காயட்டும், என்றேன்.